படிக்காமல் அனுப்பிய ‘சரி’

லிஃப்ட் மெக்கானிக்கின் கைபேசிக்கு ஒரு நாளைக்கு இருபது முப்பது செய்திகள் வரும். ‘நாலாவது மாடியில் கதவு மூடமாட்டேங்குது’, ‘உள்ளே ரெண்டு பேர் மாட்டிக்கிட்டாங்க’, ‘டொக்கு டொக்குன்னு சத்தம் வருது, எப்ப வர்றீங்க?’ எல்லாவற்றையும் படிப்பான், எல்லாவற்றுக்கும் பதில் போடுவான், ஒன்றைக்கூட மறக்கமாட்டான். அதற்காகவே கம்பெனியில் அவனுக்கு நல்ல பெயர். அப்படிப்பட்டவன், தினமும் காலை பத்து மணிக்கு வருகிற ஒரே ஒரு செய்தியை மட்டும் படிக்காமல் விட்டுக்கொண்டிருந்தான்.

அது ஆஸ்பத்திரியிலிருந்து வருவது. அவனுடைய ஐந்து வயது மகளுக்கு இதயத்தில் ஓட்டை. பிறக்கும்போது துளியூண்டு இருந்தாள் என்று பட்டாணி என்று கூப்பிட ஆரம்பித்து, அதுவே நிலைத்துவிட்டது. சளி பிடித்தால் லேசில் விடாது. சாப்பிட்டது உடம்பில் ஒட்டாது. இத்தனை நாளும் மருந்திலேயே ஓட்டியாயிற்று, இனித் தள்ளிப்போட வேண்டாம், ஆபரேஷன் செய்து அடைத்துவிடலாம் என்று டாக்டர் நாள் குறித்துக் கொடுத்தார்.

அன்றைக்கு டாக்டர் ஒரு தாளில் இதயத்தை வரைந்தார். நடுவே சுவர் போல ஒரு கோடு போட்டார். கோட்டில் கொஞ்சம் இடைவெளி விட்டு, “இதோ பாருங்க, இங்கதான்” என்று பேனாவை வைத்தார். மெக்கானிக் சட்டென்று எழுந்து, “ஒரு போன் வருது டாக்டர்” என்று வெளியே போய்விட்டான். போன் எதுவும் வரவில்லை. நடைபாதைச் சுவரில் முதுகைச் சாய்த்து, காதுக்குள் கொய்யென்று சத்தம் கேட்க நின்றான். உள்ளே அவன் மனைவி தனியாக உட்கார்ந்து எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டாள்.

இருபதாவது மாடியில் லிஃப்ட் கூண்டின் தலைமேல் ஏறி நின்று, கீழே கிணறு மாதிரி இருண்டு கிடக்கும் குழியைப் பார்த்துக்கொண்டே ஸ்பேனர் பிடிக்கிறவன் அவன். தாளில் இருந்த அந்த அரை விரல் இடைவெளியைப் பார்க்க அவனால் முடியவில்லை.

அன்று திரும்பும்போது நர்ஸ் ஒருத்தி அவனுடைய எண்ணைக் குறித்துக்கொண்டாள். மனைவி துணி தைக்கும் தொழிற்சாலையில் வேலை பார்க்கிறாள். அங்கே உள்ளே நுழையும்போதே கைபேசியைப் பெட்டியில் போட்டுவிட வேண்டும், சாயங்காலம்தான் கைக்கு வரும். அதனால் அவன் எண்.

“ஆபரேஷன் வரைக்கும் தினம் ஒரு மெசேஜ் வரும் சார். எல்லாத்தையும் ஒரே நாள்ல சொன்னா யாருக்கும் மனசுல நிக்காது. அதான் கொஞ்சம் கொஞ்சமா அனுப்புறோம். படிச்சுட்டு ‘சரி’ன்னு ஒரு பதில் போட்டுடுங்க, போதும்” என்றாள்.

முதல் செய்தி வந்தபோது அவன் ஒரு அலுவலகக் கட்டடத்தின் லிஃப்ட் குழிக்குள் இறங்கி நின்றிருந்தான். ‘உங்கள் மகளின் இதய அறுவை சிகிச்சைக்கு இன்னும் பதினான்கு நாட்கள்’ என்று தொடங்கியது. அதற்குமேல் போக முடியவில்லை. வெளிச்சத்தைப் பார்த்தவன் கண்ணைச் சுருக்குவது போல முகத்தைத் திருப்பிக்கொண்டு, விரலால் கடகடவென்று கடைசிவரை தள்ளி, ‘சரி’ என்று அடித்து அனுப்பினான். கைபேசியை மேல்பையில் போட்டான். அது அங்கே சூடாக இருப்பது போலத் தோன்றவே, எடுத்துக் கருவிப் பைக்கு மாற்றினான்.

மறுநாளும் அப்படியே, அதற்கு மறுநாளும்.

சாயங்காலம் மனைவி வீட்டுக்குள் வந்து செருப்பைக் கழற்றும்போதே கேட்பாள். “மெசேஜ் வந்துச்சா?”

“வந்துச்சு.”

“என்ன போட்டிருக்காங்க?”

“சும்மா ஞாபகப்படுத்துறாங்க. தேதி, நேரம், அவ்வளவுதான்.”

ஒன்பது மணி நேரம் தையல் மெஷினில் குனிந்துவிட்டு வருகிறவள். அவளுக்கு அதற்குமேல் துருவிக் கேட்கத் தெம்பு இருக்காது. புருஷன் படித்துவிட்டான், பார்த்துக்கொள்வான் என்று நம்பினாள்.

எட்டாவது நாள் ஞாயிற்றுக்கிழமை. காலை பத்தரைக்குப் பாலில் நனைத்த ரொட்டியைப் பட்டாணி ஒரு பக்கமாகவே ஒதுக்கி மென்றுகொண்டிருந்தாள்.

“ஏன்டி கண்ணு, இந்தப் பக்கம் மெல்ல மாட்டியா?” என்று கேட்டாள் அம்மா.

“அந்தப் பக்கத்துப் பல்லுக்கு என்மேல கோபம்.”

“எப்பத்திலேர்ந்து?”

“நேத்து, முந்தாநேத்து, அதுக்கும் முன்னாடி” என்று விரல்களை மடக்கிக் காட்டினாள் பட்டாணி.

வாயைத் திறக்கச் சொல்லி ஜன்னல் பக்கம் திருப்பிப் பார்த்தார்கள். கடைவாய்ப் பல் ஒன்று பாதி கறுத்திருந்தது. ஈறு சிவந்து, பயறு அளவுக்கு வீங்கியிருந்தது. தொடப்போனதும் வீல் என்று கத்தினாள்.

மனைவி நிமிர்ந்தாள். “பல்லைப் பத்தி மெசேஜ்ல ஏதாவது சொல்லியிருந்தாங்களா?”

“அது… பாக்கணும்.”

“பாக்கணுமா? படிச்சேன்னுதானே சொன்னீங்க?”

அவள் கையை நீட்டினாள். கைபேசியை அந்தக் கையில் வைப்பதைத் தவிர அவனுக்கு வேறு வழியில்லை. எட்டு நீளமான செய்திகள், ஒவ்வொன்றுக்கும் கீழே ஒரு ‘சரி’. அவள் நின்றபடியே ஒவ்வொன்றாகத் தள்ளிப் பார்த்தாள். நாலாவதில் விரல் நின்றது. வாய்விட்டுப் படித்தாள்.

‘இன்று உங்கள் பிள்ளையின் வாயைத் திறந்து பாருங்கள். சொத்தைப் பல், ஈறு வீக்கம், பல்வலி ஏதாவது இருந்தால் உடனே எங்களுக்குத் தெரிவியுங்கள். பல்லில் உள்ள கிருமி ரத்தத்தில் கலந்து இதயத்தில் போய்த் தங்கலாம். முதலில் பல்லைச் சரிசெய்துவிட்டு அறுவை சிகிச்சை செய்வதுதான் பாதுகாப்பு.’

படித்து முடித்துக் கைபேசியைத் தாழ்த்தினாள். அவன் அவள் கத்துவாள் என்று எதிர்பார்த்தான். கத்தியிருந்தால்கூடத் தேவலை.

“அன்னைக்கு டாக்டர் ரூம்ல இருந்து நீங்க எழுந்து போனப்பவே போன் வரலைன்னு எனக்குத் தெரியும்” என்றாள் மெதுவாக. “எனக்கு மட்டும் பயமில்லையா? எனக்கும்தான் கை காலெல்லாம் உதறிச்சு. ஆனா ரெண்டு பேரும் எழுந்து போயிட்டா அங்க யாருங்க உட்கார்றது?”

அவனுக்கு முகம் தொங்கிப்போயிற்று. கைபேசியை வாங்கி, கட்டைவிரலால் அடித்தான். ‘மகளுக்குக் கடைவாய்ப் பல் சொத்தை. ஈறு வீங்கியிருக்கு. நீங்க அனுப்பினதை இன்னைக்குத்தான் படிச்சோம். தப்பு என்னுடையது.’

ஞாயிற்றுக்கிழமை ஆயிற்றே, யார் பார்க்கப்போகிறார்கள் என்று நினைத்தான். கால் மணி நேரத்தில் அழைப்பு வந்தது. எண்ணைக் குறித்துக்கொண்ட அதே நர்ஸ்.

“பாப்பா அப்பாவா? காய்ச்சல் இருக்கா? முகம் வீங்கியிருக்கா? பாப்பா தண்ணி குடிக்கிறாளா?” என்று வரிசையாகக் கேட்டாள். எல்லாவற்றுக்கும் பதில் வாங்கிக்கொண்டு, “நாளைக்குக் காலையில எட்டு மணிக்குக் கூட்டிட்டு வந்துடுங்க. எங்க பல் டாக்டரே பாத்துடுவாங்க” என்றாள். பிறகு சற்றுத் தயங்கி, “தினமும் டாண்ணு சரின்னு பதில் வந்துச்சே சார். லிஸ்ட்லயே நீங்கதான் ரொம்ப ஒழுங்குன்னு நாங்க பேசிக்கிட்டோம்” என்றாள்.

“படிக்காமதான் போட்டேன் சிஸ்டர். படிக்க முடியலை.”

திட்டு விழும் என்று கைபேசியைக் காதிலிருந்து கொஞ்சம் தள்ளிப் பிடித்துக்கொண்டான். ஆனால் அவள் குரல் இறங்கி வந்தது. “இப்படிச் சொல்றதுல நீங்க முதல் ஆளில்லை. இனிமே பயமா இருந்தா ‘பயமா இருக்கு’ன்னே அனுப்புங்க. அதுக்கும் எங்ககிட்ட பதில் இருக்கு. இப்பவாவது சொன்னீங்களே, அதுவே பெரிசு. ஆபரேஷன் பண்ணிட்டு அப்புறம் இந்தப் பல்லு நமக்குத் தெரிய வந்திருந்தா ரொம்பக் கஷ்டமாயிருக்கும்.”

மறுநாள் பட்டாணிக்கு ஊசி மருந்து கொடுத்துவிட்டுப் பல்லைப் பிடுங்கினார்கள். பிடுங்கிய பல்லை ஒரு காகிதத்தில் பொட்டலம் கட்டி வாங்கிக்கொண்டு, “இது இனிமே யார்மேலயும் கோபப்படாது” என்று எதிரே வந்தவர்களுக்கெல்லாம் காட்டினாள். ஆபரேஷன் மூன்று வாரம் தள்ளிப்போயிற்று. முன்பென்றால் ஆபரேஷன் தள்ளிப்போனால் அவன் உள்ளுக்குள் சந்தோஷப்பட்டிருப்பான். இப்போது ஒவ்வொரு நாளாகக் கழித்துக்கொண்டு வந்தான்.

மனைவி ஒரு சட்டம் போட்டாள். பத்து மணிச் செய்தியைச் சாயங்காலம் மூன்று பேரும் உட்கார்ந்து படிக்க வேண்டும். சத்தமாக. அவன்தான் படிக்க வேண்டும்.

முதல் நாள் அவன் குரல் வாய்மொழித் தேர்வுக்கு நிற்கிற பையன் குரல் மாதிரி கம்மியது. நாலைந்து நாளில் பழகிவிட்டது. படிக்கப் படிக்க ஒன்று புரிந்தது. மனசுக்குள் அவன் கட்டிவைத்திருந்த ஆபரேஷன் வேறு, செய்தியில் இருந்த ஆபரேஷன் வேறு. அவன் நினைத்திருந்ததில் ரத்தமும் கத்தியும் மட்டும்தான் இருந்தன. இதில் இத்தனை மணிக்கு என்ன நடக்கும், யார் பக்கத்தில் இருப்பார்கள், எந்த மெஷின் எதற்கு என்று ஒவ்வொன்றுக்கும் ஒரு கணக்கு இருந்தது. இதயத்தை நிறுத்திவைத்திருக்கிற நேரத்தில் ஒரு இயந்திரம் அதன் வேலையைச் செய்யும் என்று படித்த அன்று, அவன் கைபேசியை வைத்துவிட்டு அதைப் பற்றியே பேசிக்கொண்டிருந்தான். பம்பு எப்படி இருக்கும், கரண்ட் போனால் பாட்டரி இருக்குமா என்று ஆஸ்பத்திரிக்கே கேட்டு அனுப்பினான். ‘இருக்கிறது. அதுவும் நின்றால் கையால் சுற்ற ஒரு பிடி இருக்கிறது’ என்று பதில் வந்தது. அதைப் படித்தபிறகு அன்றைக்கு அவனுக்குச் சாப்பாடு இறங்கிற்று.

ஒரு நாள் இப்படி வந்தது: ‘பிள்ளையிடம் வலிக்காது என்று பொய் சொல்லாதீர்கள். கொஞ்சம் வலிக்கும், மருந்து தருவார்கள், கண் விழிக்கும்போது நாங்கள் பக்கத்தில் இருப்போம் என்று சொல்லுங்கள்.’

அவன் பட்டாணியை மடியில் உட்காரவைத்துக்கொண்டான். “உன் நெஞ்சுக்குள்ள ரெண்டு ரூம் இருக்கு. நடுவுல ஒரு சுவர். அந்தச் சுவத்துல பிறக்கும்போதே ஒரு ஓட்டை விட்டுப்போச்சு. அதை டாக்டர் ஒரு சின்னத் துணி வச்சுத் தைக்கப்போறாங்க.”

“அம்மா தைக்க மாட்டாங்களா? அம்மா நல்லாத் தைப்பாங்களே.”

“எனக்கு சட்டைக் காலர் வரைக்கும்தான் தெரியும்டி கண்ணு” என்றாள் மனைவி. திரும்பிக்கொண்டு முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டாலும், சிரிப்பும் வந்துவிட்டது.

இதற்கிடையில் அவனுடைய அக்கா சும்மா இருக்கவில்லை. சொந்தக்காரர்கள் எல்லோரும் இருக்கிற வாட்ஸ்அப் குழுவில் அவள்தான் ராணி. ‘இதய ஓட்டை நாற்பது நாளில் தானாக அடைய ஒரு வேர்! கத்தி வேண்டாம்!’ என்று ஒன்றை அனுப்பி, கீழே ‘தம்பி, அவசரப்படாதே’ என்று போட்டிருந்தாள். அதற்குப் பத்துப் பேர் கைகூப்பியிருந்தார்கள். பழைய ஆளாக இருந்தால் அவன் அதைப் பிடித்துக்கொண்டு தொங்கியிருப்பான். இப்போது அதை அப்படியே நர்ஸுக்கு அனுப்பி, ‘இது நிஜமா?’ என்று கேட்டான்.

‘சில சின்ன ஓட்டைகள் தானாகவே மூடும். மருந்தால் அல்ல, வளர்ச்சியால். உங்கள் மகளுடையது பெரியது, ஐந்து வருஷமாக மூடவில்லை. வேர் எதுவும் கொடுக்க வேண்டாம், அவள் சாப்பிடும் மருந்தோடு சேர்ந்தால் ஆபத்து’ என்று வந்தது.

அக்காவைக் கூப்பிட்டுச் சொன்னான். அக்காவுக்குச் சுருக்கென்றது. “அப்ப நான் பொய் சொல்றேன்ங்கிறியா?”

“நீ எங்கக்கா சொன்னே? உனக்கு யாரோ அனுப்பினாங்க.”

“அதுவும் சரிதான்டா. எனக்கு யார் அனுப்பினாங்கன்னே ஞாபகம் இல்ல” என்றவள், கொஞ்சம் பொறுத்து, “உனக்கு வர்ற மெசேஜை எனக்கும் தள்ளிவிடு” என்றாள்.

ஆபரேஷன் நாள் வந்தது. காலை ஏழரைக்குப் பட்டாணியைத் தள்ளுவண்டியில் படுக்கவைத்துக் கொண்டுபோனார்கள். கதவு வரைக்கும் இருவரும் கூடவே போனார்கள். “கொஞ்சம் வலிக்கும்” என்று அவளே அவர்களுக்குச் சொன்னாள். “அப்புறம் மருந்து தருவாங்க.” கதவு மூடிக்கொண்டது.

காத்திருக்கும் அறையில் வரிசையாக இரும்பு நாற்காலிகள். எட்டே காலுக்குக் கைபேசி அதிர்ந்தது. ‘தூங்கிவிட்டாள். நன்றாக இருக்கிறாள்.’ ஒன்பதே முக்காலுக்கு, ‘இயந்திரம் இப்போது இதயத்தின் வேலையைச் செய்கிறது. டாக்டர் ஓட்டையை அடைக்கத் தொடங்கிவிட்டார். அடுத்த செய்தி பதினொன்றரைக்கு.’

பதினொன்றரை ஆயிற்று. வரவில்லை. பதினொன்றே முக்கால். மெக்கானிக் எழுந்து நின்றான், உட்கார்ந்தான், கைபேசியை அணைத்துப் போட்டுப் பார்த்தான். பன்னிரண்டு. எதிர்ச் சுவரில் இருந்த கடிகாரத்தின் முள் நகருகிற சத்தம் அவன் மண்டைக்குள் கேட்டது. போய்க் கதவைத் தட்டிவிடலாமா என்று இரண்டடி வைத்தான்.

மனைவி அவன் சட்டையைப் பிடித்து இழுத்தாள். “முந்தாநாள் மெசேஜ்ல என்ன போட்டிருந்துச்சு? சொல்லுங்க.”

அவன் கண் கதவிலேயே இருந்தது.

“நீங்கதானே படிச்சீங்க? சொல்லுங்க.”

“தாமதம்னா… தாமதம்னா கெட்ட செய்தின்னு அர்த்தமில்லை. அடைச்ச பிறகு ஸ்கேன் வச்சு, கசிவு இருக்கான்னு சோதிச்சுப் பார்ப்பாங்க. திருப்தியா இருந்தாத்தான் வெளியே வருவாங்க.”

“ஆங், திருப்தியாப் பார்க்கட்டும். நாம என்ன பஸ்ஸா பிடிக்கப்போறோம்?”

சொன்னாளே தவிர, அவள் பிடித்திருந்த சட்டை நுனியை விடவில்லை. இருவரும் அப்படியே உட்கார்ந்திருந்தார்கள். பன்னிரண்டே காலைத் தாண்டி நாலு நிமிடம். கைபேசி அதிர்ந்தது.

அவன் பார்த்தான். இன்னொரு தடவை பார்த்தான்.

“என்னங்க? என்னன்னு சொல்லித் தொலைங்களேன்!” என்று பிடுங்கிக்கொண்டாள் மனைவி.

‘ஓட்டை முழுவதும் அடைத்தாயிற்று. கசிவு இல்லை. இயந்திரத்தை எடுத்துவிட்டோம். இதயம் தானாகத் துடிக்கிறது.’

வயிற்றில் பால் வார்த்தது போல இருந்தது. அவள் அந்தக் கடைசி வரியை ஐந்தாறு தடவை சொல்லிக்கொண்டாள். தானாகத் துடிக்கிறது, தானாகத் துடிக்கிறது. அவன் இரும்பு நாற்காலியின் முதுகில் தலையைச் சாய்த்தான். எதிரே உட்கார்ந்திருந்த, யார் என்றே தெரியாத ஒரு பெரியவர் எழுந்து வந்து அவன் தோளில் தட்டிவிட்டுப் பேசாமல் போய் உட்கார்ந்தார்.

மூன்று மணிக்குத் தீவிர சிகிச்சைப் பிரிவில் பார்க்க விட்டார்கள். முந்தின வாரமே ஒரு பொம்மைக்குக் குழாயெல்லாம் மாட்டிப் படம் எடுத்து அனுப்பியிருந்தார்கள். பட்டாணி அந்தப் பொம்மை போலவேதான் கிடந்தாள். முகம் சற்று உப்பி, உதடு வறண்டு, உடம்பு முழுக்க வயர். மெக்கானிக் கட்டில் கம்பியைப் பிடித்துக்கொண்டான். வெளியே போகவில்லை.

கட்டிலருகே இருந்த நர்ஸ், “பார்த்துப் பயந்துடாதீங்க, ஒவ்வொண்ணா சொல்றேன்” என்று ஆரம்பித்தாள்.

“இது மூச்சுக் குழாய். நாளைக்கு எடுத்துடுவீங்க” என்றான் அவன். “இது நெஞ்சுல தேங்குற நீர் வடியறதுக்கு. கழுத்துல இருக்கிறது மருந்து போறதுக்கு. இந்த மெல்லிசு வயர், துடிப்பு குறைஞ்சாத் தூண்டிவிடறதுக்கு. கையைக் கட்டியிருக்கிறது, தூக்கத்துல பிடுங்கிடக் கூடாதுன்னு.”

நர்ஸ் அவனை ஏற இறங்கப் பார்த்தாள். “நீங்க மெடிக்கல் லைனா சார்?”

“இல்லைங்க. லிஃப்ட் லைன்.”

மனைவி களுக்கென்று சிரித்துவிட்டாள். அந்த அறையில் சிரிக்கலாமா கூடாதா என்று தெரியாமல் வாயைப் பொத்திக்கொண்டாள். பிறகு, தொடலாம் பேசலாம் என்று செய்தியில் சொல்லியிருந்ததால், மகளின் குளிர்ந்த உள்ளங்காலைக் கையால் பொதிந்துகொண்டு, “கண்ணு, அம்மா அப்பா ரெண்டு பேரும் இங்கதான் இருக்கோம்” என்றாள்.

மறுநாள் மத்தியானம் மூச்சுக் குழாயை எடுத்தார்கள். கரகரத்த குரலில் பட்டாணி முதலில் தண்ணீர் கேட்டாள், அடுத்து பிஸ்கட் கேட்டாள். நாலாம் நாள் நெஞ்சில் போட்டிருந்த கட்டை மாற்றும்போது மனைவி கிட்டப் போய்த் தையலைத் தொழில்காரக் கண்ணோடு பார்த்தாள். “என் கைக்கு இவ்வளவு நேரா வராது” என்று ஒப்புக்கொண்டாள்.

ஒன்பதாம் நாள் வீட்டுக்கு வந்தார்கள். செய்திகள் நிற்கவில்லை. எந்த மருந்து எத்தனை மணிக்கு, தையலில் சிவப்போ நீரோ கண்டால் என்ன செய்வது, ஆறு வாரத்துக்குப் பிள்ளையை அக்குளில் கை கொடுத்துத் தூக்கவே கூடாது, நெஞ்செலும்பு கூடுகிற வரைக்கும் பிட்டத்துக்கும் முதுகுக்கும் கை கொடுத்து அள்ளித்தான் எடுக்க வேண்டும் என்று வந்துகொண்டிருந்தன. அக்கா வந்தாள். வாசலிலேயே பையைப் போட்டுவிட்டு இரண்டு கையையும் நீட்டிக்கொண்டு ஓடினாள். மெக்கானிக் “தூக்காதக்கா!” என்று அலறினான்.

“எனக்குத் தெரியும் போடா. எனக்கும்தான் மெசேஜ் வந்துச்சு” என்று அக்கா குனிந்து, கீழே கை கொடுத்து, பூக்கூடையை எடுப்பது போல மருமகளை அள்ளி எடுத்தாள். “அத்தை, கரெக்ட்” என்று சான்றிதழ் கொடுத்தாள் பட்டாணி.

ஒரு வாரம் கழிந்தது. ஒரு நாள் காலையில் மெக்கானிக் குளித்துவிட்டு வந்து ஈரத் துண்டை நாற்காலிமேல் போட்டான். அதில் மனைவி இஸ்திரி போட்டு மடித்துவைத்த வேலைச் சட்டை இருந்தது.

“கண்ணு தெரியலையா உங்களுக்கு? கொடி எதுக்குக் கட்டியிருக்கு?”

“நாற்காலியில எதுக்குச் சட்டையை வைக்கிறே? அலமாரி எதுக்கு இருக்கு?”

“அலமாரியில உங்க ஓட்டை ஒடிசல் ஸ்பேனர்தானே நிறைஞ்சு கிடக்கு!”

“அந்த ஸ்பேனர்தான் சோறு போடுது!”

“ஆமா, என் மெஷின் சும்மா ஓடுது!”

குரல் ஏறிக்கொண்டே போயிற்று. கட்டிலில் படம் வரைந்துகொண்டிருந்த பட்டாணி பென்சிலை வைத்துவிட்டு, பெரிய மனுஷி போல ஒரு கையை உயர்த்தினாள். “சத்தம் போடாதீங்க. எனக்குத் தையல் இருக்கு.”

இருவரும் அவளைத் திரும்பிப் பார்த்தார்கள். கடைசியாக இப்படிச் சண்டை போட்டது எப்போது என்று அவனுக்கு நினைவே வரவில்லை. இத்தனை நாளாக ஒருவரை ஒருவர் கண்ணாடிப் பாத்திரம் மாதிரிப் பூப்போல எடுத்துவைத்துப் பேசிக்கொண்டிருந்தார்கள். துண்டுக்குச் சண்டை போட யாருக்கு நேரம் இருந்தது? அவனுக்கு முதலில் சிரிப்பு வந்தது, அவளுக்கு அடுத்து. நாற்காலியைப் பிடித்துக்கொண்டு, கண்ணில் நீர் வரச் சிரித்தார்கள். பட்டாணி இரண்டு பேரையும் மாறி மாறிப் பார்த்துவிட்டு, இவர்களுக்கு இனிச் சொல்லிப் பயனில்லை என்று பென்சிலை எடுத்து, வரைந்துகொண்டிருந்த பூனைக்கு மீசை போட ஆரம்பித்தாள்.